அலுவலகமா, மருத்துவமனையா, பட்டறையா? பிளஸ் டூவுக்குப் பின் குறுகிய காலத் தொழிற்படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும், பட்டப்படிப்பின் செலவைத் தாங்க முடியாத குடும்பங்களும், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் பிள்ளைகளும், குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போக நினைக்கும் பெண்களும் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஓராண்டிலோ ஈராண்டிலோ முடிந்து, முடித்த கையோடு வேலை தரும் படிப்பு எது? தமிழ்நாட்டில் இதற்கு மூன்று திசைகளிலிருந்து பதில் வருகிறது. தட்டச்சு, கணினி, கணக்குப் பதிவு என்று அலுவலகத்தை நோக்கிய படிப்புகள் ஒரு பக்கம். செவிலியர், ஆய்வகம், மருந்தகம் என்று மருத்துவமனையை நோக்கியவை இன்னொரு பக்கம். ஐடிஐ, பாலிடெக்னிக் என்று பட்டறையையும் தொழிற்சாலையையும் நோக்கியவை மூன்றாவது பக்கம்.

மூன்றுமே நல்ல வழிகள்தாம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஒரே தெருவில் இயங்கும் இரண்டு நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே பெயரில் வழங்கும் இரண்டு சான்றிதழ்களுக்கு இடையே உள்ள தூரம், இந்த மூன்று துறைகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிடப் பெரிது என்பது என் கருத்து. துறையை முதலில் முடிவு செய்துவிட்டுச் சான்றிதழைப் பிறகு விசாரிப்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

## எந்த அளவுகோல்களால் அளப்பது?

முதல் அளவுகோல், சான்றிதழுக்குப் பின்னால் நிற்பது யார் என்பது. அரசுத் துறையோ சட்டப்படி அமைந்த கவுன்சிலோ பல்கலைக்கழகமோ நடத்தும் தேர்வின் சான்றா, அல்லது ஓர் அறக்கட்டளை தானே அச்சிட்டுத் தானே கையெழுத்திட்ட தாளா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, முதல் சம்பளம் கைக்கு வரும் நாள்வரை ஆகும் மொத்தச் செலவு; கட்டணம் அதில் ஒரு பகுதிதான், பயணமும் விடுதியும் சீருடையும் தேர்வுக் கட்டணமும் வேலை கிடைக்கும்வரை காத்திருக்கும் மாதங்களும் மீதிப் பகுதி. மூன்றாவது, செய்முறைக்குக் கிடைக்கும் நேரம். நான்காவது, இதை முடித்தபின் மேலே படிக்க வழி இருக்கிறதா என்பது. ஐந்தாவதைப் பலர் சொல்லத் தயங்குகிறார்கள்: இரவுப் பணி, நின்றுகொண்டே செய்யும் வேலை, ஊர்விட்டு ஊர் போவது ஆகியவற்றுக்கு உடலும் குடும்பமும் இடம் கொடுக்குமா என்பது.

## சமுதாயக் கல்லூரி எங்கே நிற்கிறது?

புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரியும், சென்னை மயிலை உயர் மறைமாவட்டம் 1996-இல் தொடங்கிய சென்னை சமுதாயக் கல்லூரியும் இந்த வகையில் முன்னோடிகள். படிப்பை இடையில் நிறுத்தியவர்களையும் வறுமையால் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களையும் சேர்த்துக்கொண்டு, வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி ஆகிய மூன்றையும் குறுகிய காலத்தில் கொடுப்பது அவற்றின் நோக்கம். பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென்று ஒரு திட்டம் வகுத்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கியது.

இவற்றின் பலமும் எல்லையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. சட்டப்படி உரிமமோ பதிவோ தேவைப்படாத வேலைகளுக்கு, அதாவது அலுவலக உதவியாளர், விருந்தோம்பல் துறை, தையல், அழகுக்கலை, வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் உதவியாளர் போன்றவற்றுக்கு, நல்ல சமுதாயக் கல்லூரியின் ஓராண்டுப் படிப்பு போதுமானது. சில நேரம் மற்றவற்றைவிடச் சிறந்தது. பதிவு தேவைப்படும் வேலைக்கு அந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. கீழே உள்ள ஒவ்வொரு துறையையும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

## அலுவலகப் படிப்புகள்

இவற்றில் மதிப்பு குறையாமல் இருப்பது, பழமையானது என்று பலர் ஒதுக்கும் தட்டச்சுதான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வில் லோயர் எனப்படும் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், ஹையர் எனப்படும் முதுநிலைக்கு 45 சொற்கள் வேகம் வேண்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனித் தேர்வு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு, இரு மொழியிலும் ஹையர், அல்லது ஒன்றில் ஹையர் மற்றதில் லோயர் இருக்க வேண்டும். கணினி வழி அலுவலகத் தானியக்கச் சான்றிதழான சிஓஏ இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் தகுதிகாண் பருவத்துக்குள் அதைப் பெற்றாக வேண்டும். இளநிலை உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற எவரும் போட்டியிடலாம் என்பதால் கூட்டம் மிக அதிகம். தட்டச்சர் பணிக்கு அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதிதான் தகுதி பெறுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தினமும் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

தனியார் வேலைக்கான கணக்கு வேறு. கணினி மையங்கள் தரும் ‘டிசிஏ’, ‘பிஜிடிசிஏ’ போன்ற கணினி டிப்ளமோக்களையோ கணக்குப் பதிவு மென்பொருளான ‘டேலி’யின் சான்றிதழையோ பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. உட்கார வைத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கிறார்கள். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவருக்கு முதலில் வருவது ஒரு கட்டு விலைப்பட்டியலும் வங்கிக் கணக்கு அறிக்கையும்தான். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் அந்த வேலைக்கு ஒரு நாள்காட்டியும் வந்துவிட்டது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1. 14-ஆம் தேதி, விற்றவர்கள் காட்டிய கணக்கிலிருந்து 2பி பட்டியல் உருவாகும். 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டிக் கணக்கு முடிக்கும் 3பி. இடைப்பட்ட ஆறு நாளில், கடையில் இருக்கும் கொள்முதல் ரசீதுகளை 2பி பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தச் சப்ளையர் நம்முடைய ரசீதைக் காட்டாமல் விட்டார், யார் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்தைப் பிழையாகப் போட்டார் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேலை உண்டு. மூன்று மாத டேலி வகுப்பில் பொத்தான்களைக் கற்றுக்கொடுப்பார்கள். இந்த ஒப்பிடலைக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.

இந்த வழியின் மறைந்த செலவு, காலம். அரசுத் தேர்வை எழுதுவது, முடிவுக்குக் காத்திருப்பது, கலந்தாய்வுக்குக் காத்திருப்பது என்று ஆண்டுகள் கழியும். அந்த ஆண்டுகளுக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தனியாரில் தொடக்கச் சம்பளம் குறைவு, பி.காம். போன்ற பட்டம் இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் அது அப்படியே நின்றுவிடும். ஆகவே அலுவலகப் படிப்பைத் தனியாக எடுப்பதைவிட, தொலைநிலைப் பட்டப்படிப்போடு சேர்த்து எடுப்பதே பொருத்தம். வெளியூர் போக முடியாதவர்கள், பகல் வேலை மட்டுமே பார்க்க முடிந்தவர்கள், வணிகவியல் படித்தவர்கள், குரூப் 4-க்குத் தயாராகிறவர்கள் ஆகியோருக்கு இது நல்ல தேர்வு.

## மருத்துவத் துறைப் படிப்புகள்

மூன்று துறைகளில் வேலைத் தேவை சிறிய ஊர்வரை பரவியிருப்பது இங்கேதான். ஆள் ஏமாறுவதும் இங்கேதான் அதிகம் என்பதால் இதைச் சற்று விரித்தே எழுத வேண்டியிருக்கிறது.

செவிலியராகப் பணியாற்ற, இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளுக்கு உட்பட்ட படிப்பை முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவு செய்யத்தக்க படிப்புகளில் மிகக் குறுகியது, துணைச் செவிலியர் பயிற்சியான 2 ஆண்டு ஏஎன்எம். அதற்கு மேலே ஜிஎன்எம் எனப்படும் 3 ஆண்டு செவிலியர் டிப்ளமோ. கிராம சுகாதார செவிலியர் பணிக்கு வழி ஏஎன்எம் வகைப் பயிற்சிதான். ‘ஓராண்டு நர்சிங் டிப்ளமோ’ என்று சுவரொட்டி ஒட்டியிருக்கும் எந்தப் படிப்பும் இந்தப் பதிவைத் தராது. அதை முடித்தவர் சிறிய மருத்துவமனையில் வெள்ளைச் சீருடையோடு வேலை பார்க்கலாம், ஊரில் எல்லோரும் நர்ஸ் என்றே அழைக்கலாம். ஆனால் அரசுப் பணி, வெளிநாடு, பெரிய மருத்துவமனை ஆகிய மூன்றும் அவருக்கு மூடியே இருக்கும், அவர் படித்த ஆண்டு ஜிஎன்எம்மில் கழித்துக்கொள்ளப்படவும் மாட்டாது.

ஆய்வகம், டயாலிசிஸ், அறுவை அரங்கு, கதிர்ப்படம் ஆகிய தொழில்நுட்பர் படிப்புகள் நீண்ட காலம் ஒரே சீரான விதி இல்லாமல் இருந்தன. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தபின், துணை மருத்துவத் தொழில்முறையாளர் என்று கருதப்பட வேண்டுமானால் குறைந்தது 2,000 மணி நேரம் கொண்ட, 2 முதல் 4 ஆண்டுகளில் பரவிய டிப்ளமோவோ பட்டமோ வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் வரையறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மாத, ஓராண்டு ‘லேப் டெக்னீசியன்’ சான்றிதழ்களின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு தேவையில்லை. ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோவான டிஎம்எல்டி 2 ஆண்டுப் படிப்பு என்றாலும், அதை நடத்தும் நிறுவனம் யாரிடம் அங்கீகாரம் பெற்றது என்பதைத் தனியாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மருந்தாளுநர் படிப்பான டி.ஃபார்ம்., விதிகள் தெளிவாக உள்ள ஒன்று: 2 ஆண்டுப் படிப்பு, அதன்பின் குறைந்தது 3 மாதங்களில் பரவிய 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி, பிறகு மாநில மருந்தியல் கவுன்சிலில் பதிவு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். மருந்துக் கடை நடத்தப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தேவை என்பதால், இரவுப் பணி வேண்டாம் என்பவர்களுக்கும் பின்னாளில் சொந்தக் கடை வைக்க விரும்புகிறவர்களுக்கும் மருத்துவத் துறையில் இதுவே அமைதியான வழி.

செய்முறை நேரத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஆய்வகத்திலிருந்தே ஓர் உதாரணம் தரலாம். ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடிக் குழாயில் ரத்தத்தை உறையவிடாத இடிடிஏ உப்பு இருக்கும், அது முழு ரத்த எண்ணிக்கைக்கு. சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரைக்கு. நீல மூடிக் குழாய் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பதற்கு, அதில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்ற விகிதம் தப்பாமல் குறியிட்ட அளவுவரை நிரப்ப வேண்டும். குழாய்களை நிரப்பும் வரிசை மாறி, ஊதாக் குழாயின் இடிடிஏ சிறிதளவு அடுத்த குழாயில் கலந்தாலும், அந்த உப்பில் உள்ள பொட்டாசியத்தால் நோயாளியின் பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிட உயர்ந்து தெரியும், கால்சியம் குறைந்து தெரியும். கருவி சரியாகத்தான் அளந்திருக்கும், தவறு ஊசி பிடித்த கையில் இருக்கும். புத்தகத்தில் இந்த வரிசை அரைப் பக்கம். கைக்கு வருவதற்கு, கூட்டம் நிறைந்த காலை வேளைகளில் நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். ஆகவே கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை படுக்கை கொண்ட எந்த மருத்துவமனையோடு எழுத்து வடிவில் ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்பது அத்துமீறல் ஆகாது.

மறைந்த செலவுகள் இங்கே அதிகம். சீருடை, காலணி, பதிவேடுகள், தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம் ஒரு புறம். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் செலவும், பயிற்சி மருத்துவமனை வேறு ஊரில் இருந்தால் விடுதிச் செலவும் இன்னொரு புறம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணையாகப் போட வேண்டியிருப்பதால், சேர்ந்த மாதமே முதல் தவணையைப் போட்டுவிடுவது நல்லது. மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, நடுவில் விலகினால் முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. சரிபார்த்தபின் திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.

பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள், இரவுப் பணிக்குக் குடும்பம் ஒத்துழைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், 2 அல்லது 3 ஆண்டுகள் வருமானமின்றித் தாக்குப்பிடிக்கக் கூடியவர்கள் ஆகியோருக்கு மருத்துவத் துறையே முதல் தேர்வு. ஓராண்டுக்கு மேல் காத்திருக்க முடியாது என்ற நெருக்கடியில் இருப்பவர்கள், பதிவு கிடைக்காத படிப்பில் பணத்தைப் போடுவதற்குப் பதிலாக அடுத்த வழியைப் பார்க்கலாம்.

## தொழில்நுட்பப் படிப்புகள்

முதல் இரண்டு அளவுகோல்களிலும் அரசு ஐடிஐ மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது. கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, விலையில்லா மிதிவண்டி, சீருடை, பாடநூல், பேருந்துப் பயண அட்டை ஆகியவை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், மாணவருக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் ஐடிஐ, டிப்ளமோ மாணவர்களுக்கும் வகுக்கப்பட்டவை. தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் என்சிவிடி சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். எலெக்ட்ரீசியன், ஃபிட்டர் ஆகியவை 2 ஆண்டுகள். வெல்டர், பிளம்பர், கணினி இயக்குபவர் பிரிவான கோபா ஆகியவை 1 ஆண்டு. பிளஸ் டூ முடித்துவிட்டு ஐடிஐக்குப் போவதைக் கௌரவக் குறைவு என்று நினைக்கும் வீடுகளே, இரண்டு லட்சம் கடன் வாங்கிப் பதிவில்லாத டிப்ளமோவில் பிள்ளையைச் சேர்க்கின்றன.

71 அரசு ஐடிஐக்களில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொழில் 4.0 மையங்கள் அமைக்கப்பட்டதால், கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரமும் ரோபோவும் மாவட்டத் தலைநகர்வரை வந்திருக்கின்றன. எல்லா ஐடிஐயும் இப்படி இல்லை. நேரில் போய்ப் பட்டறையில் இயந்திரம் ஓடுகிறதா, பூட்டிய அறையில் உறையோடு நிற்கிறதா என்று பார்த்துவிடலாம்.

ஐடிஐக்குப் பின் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் தொழிற்சாலையில் உதவித்தொகையோடு பயிற்சி பெற்றுத் தேசியத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வாங்கலாம். எலெக்ட்ரீசியனாகத் தனியே ஒப்பந்த வேலை எடுக்க விரும்புகிறவர், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றையும் பெற்றுவிட வேண்டும். மேலே ஏறும் படியும் இங்கே திடமானது: 2 ஆண்டு ஐடிஐ முடித்தவரும், பிளஸ் டூவில் அறிவியலோ தொழிற்பிரிவோ படித்தவரும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

திறமை எங்கே சம்பளமாக மாறுகிறது என்பதை வெல்டரிடம் தெளிவாகப் பார்க்கலாம். தட்டையாகக் கிடக்கும் தகட்டைப் பற்றவைக்க ஓராண்டில் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். 6ஜி தேர்வில் குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, பற்றவைப்பவர்தான் அதைச் சுற்றிவந்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தலைக்கு மேலாகவும் ஒரே சீராக இணைப்பை முடிக்க வேண்டும். அதில் தேறியவருக்கும் தேறாதவருக்கும் குழாய்ப் பணிகளில் கிடைக்கும் கூலி ஒன்றாக இருப்பதில்லை.

செலவுகளும் சொல்லப்பட வேண்டும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வேலை இருக்கும் இடத்துக்குக் குடிபெயர வேண்டும். முதல் சம்பளத்தின் பெரும்பகுதி அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் போய்விடும். ‘டிரெய்னி’ என்ற பெயரிலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு, நிரந்தரம் செய்யாமல் ஆளை மாற்றும் வழக்கம் இந்தத் துறையின் பெரிய குறை. முகக்கவசத்தை அலட்சியப்படுத்தும் வெல்டருக்கு அன்றிரவு கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல் உறுத்தும். வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள், பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் என்ற உச்சவரம்பு இருப்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

கையில் பணமே இல்லாதவர்கள், கையால் வேலை செய்வதில் நாட்டம் உள்ளவர்கள், பின்னாளில் பொறியியல் படிக்கும் கதவைத் திறந்து வைத்திருக்க விரும்புகிறவர்கள் ஆகியோர் தயங்காமல் இந்தப் பக்கம் வரலாம். பெண்களுக்கு இது ஒத்துவராது என்பது பழைய கணக்கு. மின்னணு, மின்வாகன ஆலைகள் பெண்களைப் பெருமளவில் சேர்க்கின்றன, மகளிருக்கென்றே அரசு ஐடிஐக்களும் இருக்கின்றன.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அலுவலகம் | மருத்துவம் | தொழில்நுட்பம் |
|---|---|---|---|
| நம்பத்தக்க சான்று | அரசுத் தட்டச்சுத் தேர்வு, சிஓஏ | கவுன்சில் பதிவு தரும் படிப்பு மட்டும் | என்சிவிடி, அரசு டிப்ளமோ |
| காலம் | 6 மாதம் முதல் 1 ஆண்டு | 2 முதல் 3 ஆண்டு | 1 முதல் 3 ஆண்டு |
| கட்டணம் | குறைவு | தனியாரில் மிக அதிகம் | அரசு ஐடிஐயில் இல்லை |
| மறைந்த செலவு | காத்திருக்கும் ஆண்டுகள் | பயணம், விடுதி, பதிவு | குடிபெயர்வு, நிரந்தரமின்மை |
| மேற்படிப்பு | தனியே பட்டம் தேவை | படிப்பைப் பொறுத்தது | பி.இ. வரை நேர்வழி |
| வேலை நேரம் | பகல் | பெரும்பாலும் சுழற்சி | ஆலைகளில் சுழற்சி |

## இரண்டு மனமாக இருப்பவர்களுக்கு

நீட் எழுதி இடம் கிடைக்காத மாணவர், மருத்துவமனையோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற ஆசையில் கையில் கிடைத்த ஓராண்டுச் சான்றிதழில் சேருவதைவிட, ஓராண்டு தள்ளிப்போனாலும் ஜிஎன்எம், டி.ஃபார்ம்., அங்கீகாரம் பெற்ற டிஎம்எல்டி ஆகியவற்றுள் ஒன்றுக்கு விண்ணப்பிப்பது மேல். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலை தேடும் பெண், ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் தட்டச்சும் கணக்குப் பதிவும் படிக்கலாம்; வீட்டுக்கு அருகில் நல்ல சமுதாயக் கல்லூரி இருந்தால், முன்னாள் மாணவியர் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு அங்கே சேரலாம். பத்தாம் வகுப்போடு நின்றவருக்கு ஐடிஐயைவிடச் சிறந்த வழியை என்னால் சொல்ல முடியவில்லை. 2 ஆண்டு ஐடிஐக்குப் பின் மொழிப் பாடத் தேர்வுகளை எழுதிப் பிளஸ் டூவுக்கு இணையான சான்றையும் அவர் பெற முடியும்.

தட்டச்சை மட்டும் இந்தப் போட்டியில் சேர்க்கத் தேவையில்லை. ஐடிஐயோ டி.ஃபார்மோ படித்துக்கொண்டே மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, லோயரையும் ஹையரையும் அடுத்தடுத்து எழுதிவிடலாம்.

எந்தத் துறையாக இருந்தாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் சென்ற ஆண்டு அங்கே படித்து முடித்த ஒருவரின் சான்றிதழ் நகலைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கையெழுத்திட்டிருப்பது எந்த அமைப்பு என்று பார்த்து, அந்த அமைப்பின் இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலில் கல்லூரியின் பெயரைத் தேடுங்கள். ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், நீங்கள் முடிப்பதற்குள் வந்துவிடும்’ என்று பதில் வந்தால், வந்தபின் சேருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம்.